தேன்சிட்டுக் கட்சி, வௌவால் கட்சி

சம்பந்திகள் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. இருந்திருந்தால் ஏணியம்மாவுக்கு அந்த வருஷத்துப் பூக்காலம் நிம்மதியாகக் கழிந்திருக்கும். நமக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்காது.

தாவரப் பூங்காவில் மரம் கழிப்பது அவள் வேலை. காய்ந்த கிளையை அறுப்பது, நோய் விழுந்த கொம்பை வெட்டுவது, உச்சியில் சிக்கிய பட்டத்தை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். வயது ஐம்பத்திரண்டு. இடுப்பில் கைரம்பம், வாயில் ஓயாத பேச்சு, இரண்டையும் வைத்துக்கொண்டே பதினாறு படி ஏணியில் விறுவிறுவென்று ஏறிவிடுவாள். மேலே போனதும் பேச்சு இன்னும் சத்தமாகக் கேட்கும்.

அதே பூங்காவில் பாதைகளைக் கூட்டிச் சுத்தமாக வைப்பவர் அவளுடைய சம்பந்தி. அவர் பையனைத்தான் அவள் பெண் கட்டியிருந்தாள். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் ஏணியம்மாவும் அவரும் ஏழு வருஷம் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணிக்கொண்டு வேலை பார்த்தவர்கள். கல்யாணம் முடிந்த மறுநாளே மரியாதை வந்து நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இனிமேல் சண்டை போடுவதானாலும் "நீங்க", "வாங்க", "சொல்லுங்க சம்பந்தி" என்றுதான் போட வேண்டும். செருப்பைப் போட்டுக்கொண்டு நீந்துவதுபோல அது ஒரு பெரிய அவஸ்தை.

சண்டை எதற்கு? வௌவாலுக்கு.

விதைக்கிடங்கின் பரணில் இருநூறு வௌவால்கள் தொங்கின. பழத்தைக் கடித்துக் குதறுகிற பெரிய ஜாதி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ஜாதி. நாய்க்குட்டி முகம், தன் உடம்பில் பாதி நீளத்துக்கு நாக்கு, சாப்பாடு பூவின் தேன். பொழுது சாய்ந்ததும் சுவரின் காற்றோட்டப் பொந்து வழியாக ஒவ்வொன்றாக வெளியே வரும். ஏணியம்மா வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் அந்தப் பொந்துக்குக் கீழே நின்று, "பாத்துப் போயிட்டு வாங்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். பதினோரு வருஷப் பழக்கம். வீட்டுக்காரர் இறந்த புதிதில், வெறிச்சோடிய வீட்டுக்குத் திரும்பிப் போகப் பிடிக்காமல் அங்கே நின்றவள் அவள். வழியனுப்ப யாராவது இருந்தால்தான் தனக்கும் கிளம்ப மனசு வரும் என்று அப்போது தெரிந்துகொண்டாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு அந்த இருநூறு பேர்தான் அவளுக்கு எல்லாம்.

பொந்துக்கு நேர் கீழே ஒரு பெஞ்ச் இருந்தது. இருநூறு பேர் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே பெஞ்ச் போட்டால் என்ன ஆகுமோ அது தினமும் ஆயிற்று. அதைத் தினமும் தேய்த்துக் கழுவுபவர் சம்பந்தி.

"சம்பந்தி, உங்க பிள்ளைங்க நேத்து ராத்திரி நல்லா சாப்பிட்டிருக்காங்க போல. வந்து பாருங்க லட்சணத்தை" என்பார் காலையில்.

"உங்க சிட்டு மட்டும் என்ன, கைக்குட்டையில துடைச்சுக்கிட்டா போகுது?" என்பாள் அவள்.

ஏனென்றால் சம்பந்தி தேன்சிட்டுக் கட்சி. அவருடைய தள்ளுவண்டிக் கொட்டகையில், தோட்டக்குழாய் மாட்டும் கொக்கியில், ஒரு ஜோடித் தேன்சிட்டு பைபோலக் கூடு கட்டியிருந்தது. கூட்டைக் கலைக்க மனசில்லாமல் இரண்டு மாதமாகக் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு திரிந்த மனுஷர் அவர். ஆண் சிட்டு கொட்டகை ஓட்டில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தால் துடைப்பத்தை நட்டுவைத்துக் கேட்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவருக்கு அடுத்தவர் குஞ்சும் பொன்குஞ்சு.

இந்த நிலைமையில்தான் யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை அந்தப் பெஞ்சில் பாழாயிற்று. சட்டைக்காரர் மேலாளரிடம் போய்க் கத்தினார். மேலாளர் பொதுவாக நல்ல மனுஷர், ஆனால் யாராவது கத்தினால் உடனே எதையாவது செய்துவிடுவார். "பொந்துக்கு வலை அடிச்சிடுங்க. அதுங்க வெளியில போன நேரம் பாத்து அடிச்சா திரும்பி உள்ள வராது" என்றார்.

ஏணியம்மா ஓடிவந்து குறுக்கே நின்றாள். "சார், அதுங்க இல்லன்னா நம்ம இலவ மரம் காய்க்காது சார்" என்றாள்.

அது சும்மா போட்ட வார்த்தை இல்லை. அந்தப் பூங்காவின் இலவம் விதை பல தோட்டங்களுக்குப் போகும். மேலாளருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

பக்கத்தில் நின்ற சம்பந்தி விடுவாரா? "இலவம்பூவுல காலையிலேர்ந்து மொய்க்கிறது தேன்சிட்டுதான் சார். என் கண்ணால தினம் பாக்குறேன். காய் பிடிக்கிறது அதாலதான்" என்றார்.

"பூ திறக்கறதே சாயங்காலம்தான் சம்பந்தி. உங்க சிட்டு வர்றது பந்தி முடிஞ்சு இலை எடுக்கற நேரத்துக்கு."

"பந்திக்கு எப்ப வந்தா என்ன, வேலை யாரு செய்றாங்கன்னு பாக்கணும் சம்பந்தி."

இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த மேலாளர், அங்கே செடிகளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கண்ணாடிப் பெண்ணைக் கூப்பிட்டார். புட்டி அடி கனத்தில் கண்ணாடி போட்ட, சிரிப்பு மாறாத பெண். விஷயத்தைக் கேட்டதும் கைதட்டினாள்.

"சோதிச்சுப் பாத்துடலாமே! கீழ்க்கிளையில பன்னிரண்டு பூங்கொத்துக்கு சிவப்பு நாடா கட்டுவோம். அதை ராத்திரி முழுக்க வலைப்பையால மூடி வெச்சு, பகல்ல திறப்போம். அப்ப அதுக்கு சிட்டு மட்டும்தான் வர முடியும். இன்னொரு பன்னிரண்டுக்கு நீல நாடா. அதை ராத்திரி திறந்து, பகல்ல மூடுவோம். அது வௌவாலுக்கு. எதுல எத்தனை பிஞ்சு பிடிக்குதுன்னு பாத்தா தெரிஞ்சு போச்சு."

"சிவப்பு காய்ச்சா வலை அடிச்சிடலாம். சிவப்பு காய்க்கலன்னா வலை வேண்டாம்" என்றார் மேலாளர். பேச்சு முடிந்தது.

மாலை வேலையை ஏணியம்மா எடுத்துக்கொண்டாள்: பொழுது சாயும்போது சிவப்பை மூடி நீலத்தைத் திறக்க வேண்டும். காலையில், விடிந்து ஆறு மணிக்கு, சிவப்பைத் திறந்து நீலத்தை மூட யாராவது வேண்டும்.

"அதையும் நானே பாத்துக்கறேன். ஏணி ஏற வேற யாரு இருக்கா இங்க?" என்றாள் அவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்குமா? சம்பந்தியைப் பார்த்து, "துடைப்பம் பிடிக்கறவங்களுக்கு ஏணியெல்லாம் சரிப்படாது" என்று சேர்த்துவிட்டாள்.

சம்பந்தியின் காது மடல் சிவந்தது. "ஏன் சரிப்படாது? காலை வேலை என்னுது. ஒரு நாள் தப்பாம செய்வேன்" என்றார். "இதென்ன பெரிய மலையா?"

வலைப்பைகளை ஏணியம்மாவே கொசுவலைத் துணியில் தைத்தாள். கண்ணாடிப் பெண் இன்னொரு வேலையும் சொல்லியிருந்தாள்: பூ ஒரு ராத்திரிதான் இருக்கும், மறுநாள் இதழ் வாடிவிடும், வாடிய இதழ்களைத் தினமும் மாலையில் எடுத்து, சிவப்புக் கொத்தினுடையதைச் சிவப்பு டப்பாவிலும் நீலக் கொத்தினுடையதை நீல டப்பாவிலும் போட வேண்டும். எத்தனை பூ பூத்தது என்று கணக்கெடுக்க. ஏணியம்மா பத்து நாளும் பொழுது சாய்கிற மங்கலில் அவசர அவசரமாக அதைச் செய்தாள்.

சம்பந்தியும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அவள் ஏழு மணிக்கு வேலைக்கு வரும்போது சிவப்புக் கொத்தெல்லாம் திறந்திருக்கும், நீலமெல்லாம் மூடி முடிச்சு போட்டிருக்கும். மனுஷர் கீழே துடைப்பத்தோடு நின்று, ஏணிப் பக்கம்கூடத் திரும்பாமல், ஏதோ பிறந்ததிலிருந்து மரத்திலேயே வாழ்ந்தவர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

"பரவால்லையே சம்பந்தி! நான்கூட என்னமோ நெனச்சேன்" என்று அவளே ஒரு நாள் பாராட்டினாள்.

"நெனப்பீங்க, நெனப்பீங்க" என்றார் அவர்.

பத்து நாளில் பூ ஓய்ந்தது. அடுத்த இரண்டு வாரம் பொறுத்திருந்து, கண்ணாடிப் பெண் ஏணியில் ஏறிப் பிஞ்சுகளை எண்ணினாள். கீழே மேலாளர், ஏணியம்மா, சம்பந்தி மூவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள்.

"நீலம் முப்பத்தெட்டு" என்றாள் பெண். ஏணியம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"சிவப்பு முப்பத்தஞ்சு."

சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப சிட்டே போதும்னு ஆகுது" என்றார் மேலாளர், பாவம், வருத்தத்தோடுதான். "சொன்னா சொன்னதும்மா. திங்கக்கிழமை வலை அடிக்க ஆள் வரும்."

சம்பந்தி ஜெயித்த முகத்தோடு துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தால், அவர் தலையைக் குனிந்துகொண்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஏணியம்மாவுக்கு அது கவனத்திலேயே பதியவில்லை. இலவு காத்த கிளி என்பார்களே, அது தான்தான் என்று நினைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக வழியனுப்பிய பிள்ளைகள் ஒரு நாள் திரும்பி வந்து, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துப் பொந்தைச் சுற்றிச் சுற்றிப் பறப்பதை நினைத்தாள். கருவிக் கொட்டகையில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

அழுதாலும் கை சும்மா இருக்காத ஜன்மம் அவள். இனி இந்த டப்பா எதற்கு என்று இரண்டையும் குப்பையில் கொட்டப்போனாள். நீல டப்பாவைக் கவிழ்த்தாள். வாடிய இதழ்களில் பழுப்புக் கோடு கோடாக நகக்கீறல். அது அவளுக்குப் பழகிய விஷயம்தான். தேன்சிட்டு காம்பில் உட்கார்ந்து பக்கவாட்டில் அலகை நுழைத்துத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். மகரந்தம்கூட மேலே ஒட்டாது. வௌவாலுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. கட்டைவிரல் நகத்தால் பூவைக் கட்டிப்பிடித்து, முகத்தை முழுசாக உள்ளே விட்டு, மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வரும்.

பிறகு சிவப்பு டப்பாவைக் கவிழ்த்தாள். அதிலும் நகக்கீறல்.

ஒன்றிரண்டில் இல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு இதழாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கோடு. ராத்திரி மூடியிருந்த பூவில் வௌவால் நகம் எப்படி விழும்? அவள் கட்டிய பையில் ஓட்டை இல்லை, அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை. அப்படியானால் விடிவதற்கு முன்னாலேயே யாரோ திறந்திருக்கிறார்கள். திறக்கிற ஆள் ஒருவர்தான்.

ஒரு கை இதழோடு பாய்ந்து போனாள். சம்பந்தி பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, உண்மையைச் சொல்லுங்க. காலையில எத்தனை மணிக்குப் பையைத் திறந்தீங்க?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஆறுக்குத்தான்."

"ஆறு மணிக்கு வெளிச்சம் வந்துடும். வௌவால் அஞ்சேகாலுக்கே வீட்டுக்கு வந்துடும். அப்ப இந்தக் கீறல் என்ன, உங்க சிட்டு நகம் வளத்துக்கிச்சா?"

அவர் பெஞ்சின் மறுமூலைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"ராத்திரி முழுக்க மூடி வெச்ச பூவுல தேன் தளும்பிக்கிட்டு இருந்திருக்கும். அதை இருட்டுல திறந்து விட்டா என் பிள்ளைங்க விடுவாங்களா? சிவப்புல காய் பிடிச்சதே அவங்களாலதான். சிட்டு ஜெயிக்கணும்னு கள்ளத்தனமா சீக்கிரமே திறந்துவிட்டீங்க, இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "கள்ளத்தனம் பண்ற ஆள் நான் இல்ல சம்பந்தி" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மேலாளரிடம் போய் இதழைக் காட்டினாள். "எறும்பு கடிச்சிருக்கலாம், பையில உரசியிருக்கலாம். அவர் ஆறு மணின்னு சொல்றாரே" என்றார் மேலாளர். கண்ணாடிப் பெண் மட்டும் இதழைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். "கீறல்தான். ஆனா, எப்பத் திறந்தாருன்னு அவர் சொன்னாத்தான் உண்டு" என்று கையைப் பிசைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போனாள் ஏணியம்மா. சம்பந்தியும் அதே வீட்டில்தான் இருந்தார், ஆனால் இவள் வருவது தெரிந்து முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டார். அவர் தலையில் வெட்ட மொத்தமே முப்பது முடிதான் இருந்தது.

மகள் வராண்டாவில் ஸ்டூல் போட்டு ஏறி, சுட்டுப்போன பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, வீட்டுல ரெண்டு ஆம்பளை இருக்க, நீ ஏறிக்கிட்டு நிக்கிற?"

"உன் மாப்பிள்ளை ஊர் சுத்தப் போயிருக்காரு. மாமா..." என்று மகள் குரலைத் தாழ்த்தினாள். "மாமாவுக்கு உயரம்னா ஆகாதும்மா. ஸ்டூல்ல ஏறினாலே கண்ணை மூடிக்குவாரு. கீழ பாத்தா தலை சுத்தி, கை கால் நடுங்கிடும். சின்ன வயசுலேர்ந்தே அப்படியாம். யாருகிட்டயும் சொல்லிடாதே. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு நெனக்கிறாரு. என்கிட்டயே சத்தியம் வாங்கியிருக்காரு."

"அப்ப பத்து நாளு ஏணியில எப்படிடி ஏறினாரு?"

"அதான் எனக்கும் புரியல. தினம் நாலு மணிக்கே எழுந்து கிளம்பிட்டாரு. இவ்ளோ இருட்டுல எதுக்கு மாமான்னு கேட்டா, இருட்டுதாம்மா எனக்கு வசதின்னாரு."

ஏணியம்மாவுக்குப் பளிச்சென்று விளங்கியது. இருட்டில் கீழே தரை தெரியாது. தரை தெரியாவிட்டால் உயரம் தெரியாது. தான் நாலு பேர் முன்னால் சீண்டியதால், வாய்க்கொழுப்பில் சொன்ன ஒரு சொல்லுக்காக, அந்த மனுஷர் பத்து நாள் இருட்டில் தடவித் தடவி ஏறியிருக்கிறார். கள்ளத்தனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம், அதை மறைக்க ஒரு வீம்பு.

அன்று முழுக்க அவளுக்கு எதிலும் மனசு ஓடவில்லை. மேலாளரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள். ஆனால் சொன்னால் சம்பந்தியின் மானம் பூங்கா பூராவும் சிரிக்கும். அந்த வீட்டில்தான் தன் பெண் வாழ்கிறாள். "உங்கம்மா என்னைச் சந்தி சிரிக்க வெச்சுட்டாங்க" என்று அவர் ஒரு நாளும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பார், அதுதான் இன்னும் மோசம். சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. வாழ்நாளில் முதல்முறையாக ஏணியம்மாவுக்கு வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே வலை அடிப்பவர்கள் இருவர் வந்துவிட்டார்கள், வௌவால்கள் வெளியே போனதும் அடிக்க. ஏணியை இரவல் கேட்டார்கள். அவளே கொண்டுவந்து சுவரில் சாய்க்க வேண்டியதாயிற்று. மேலாளர், கண்ணாடிப் பெண், தோட்டக்காரர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். பொந்துக்குள்ளிருந்து அரைத் தூக்கத்தில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு வாரம்..." என்று அவள் ஆரம்பித்தாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"கொஞ்சம் நில்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சம்பந்தி. கையில் துடைப்பம் இல்லை. துடைப்பம் இல்லாமல் அவரைப் பார்க்கவே யாரோ போல இருந்தது.

"சார், அந்தப் பையெல்லாம் நான் ஆறு மணிக்குத் திறக்கல. நாலரைக்கே திறந்துட்டேன்."

"ஏன்?" என்றார் மேலாளர்.

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. ஏறிக் காட்டறேன்."

ஏணியம்மா பதறினாள். "வேண்டாம் சம்பந்தி! எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் காட்ட வேண்டாம்!"

"மருமக எல்லாம் சொல்லிடுச்சு. தெரிஞ்சும் நீங்க சொல்லலியே. அதுக்காகத்தான்" என்று ஏணியில் காலை வைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படியில் முழங்கால் ஆட ஆரம்பித்தது. ஐந்து. ஆறு. ஏழாவது படியில் தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டார். அவ்வளவுதான். இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைப் படியில் ஒட்டவைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஏணி கடகடவென்று நடுங்கியது.

"இதான் சார் காரணம்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "வெளிச்சத்துல என்னால முடியாது. இருட்டுன்னா கீழ தெரியாது, ஏறிடுவேன். பத்து நாளும் கண்ணை மூடிக்கிட்டு முடிச்சைத் தடவித்தான் அவிழ்த்தேன். காதுகிட்ட விசுக் விசுக்குன்னு என்னமோ உரசிக்கிட்டே இருக்கும். காத்துன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, எல்லாம் சம்பந்தியோட பிள்ளைங்க. நான் திறக்கத் திறக்க வந்து குடிச்சிருக்காங்க. சிவப்புல காய்ச்சது சிட்டால இல்ல சார்."

யாராவது சிரித்திருந்தால் ஏணியம்மா அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் சிரிக்கல, ரொம்ப சந்தோஷம்" என்றார் சம்பந்தி மேலிருந்து. "இப்ப யாராவது என்னை இறக்குங்க."

ஏணியம்மா அவருக்குப் பின்னாலேயே ஏறினாள். அவர் குதிகாலைப் பிடித்துக் கீழ்ப்படியில் வைத்தாள். "வலது கால்... அப்படித்தான். இப்ப இடது. கீழ நான் நிக்கிறேன், விழுந்தா என் மேலதான் விழணும், பயப்படாதீங்க" என்று பேசிக்கொண்டே படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்தாள். தரையைத் தொட்டதும் அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். நேராக எச்சத்தின் மேல்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது சம்பந்தி" என்றாள் அவள். "என் வாய்தான் எனக்கு எதிரி. மனசுல வெச்சுக்காதீங்க."

"உங்க வாய் எனக்குப் புதுசா?" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

மேலாளர் வலைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். பின்வாசல் இலவ மரம் எப்போதும் ஒரு மாதம் பிந்தித்தான் பூக்கும். அதில் மறுபடியும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இந்த முறை காலை வேலையை ஏணியம்மா செய்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சம்பந்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு நாள் தப்பாம செய்வேன்னு சொன்னேன். சொன்னதைச் செஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆறு மணிக்கு, வெளிச்சத்துல. நீங்க ஏணியைப் பிடிச்சுக்கணும், அவ்ளோதான்."

பிடித்துக்கொண்டாள். முதல் நாள் ஏழாவது படி வரைதான். மிச்சத்தை அவள் ஏறி முடித்தாள். மூன்றாம் நாள் ஒன்பது. "கீழ பாக்காதீங்க, நேரா கொட்டகை ஓட்டைப் பாருங்க, உங்க சிட்டு உக்காந்து பாடுது பாருங்க" என்று அவள் கீழிருந்து விடாமல் பேசினாள். சிட்டும் கூட்டணி தர்மத்துக்குப் பங்கம் வராமல் பாடியது. எட்டாம் நாள் அவர் பதினோராம் படியில் நின்று ஒரு சிவப்புப் பையைத் தன் கையால் அவிழ்த்தார். கீழே அவளுக்குக் கைதட்ட ஆசை. தட்டினால் ஏணியை யார் பிடிப்பது?

"இன்னொரு சேதி" என்றார் அங்கிருந்தே. "வீட்டுல வராண்டா பல்பு மறுபடி போச்சு. நான்தான் மாத்தினேன்."

"கண்ணைத் திறந்துக்கிட்டா?"

"ஒரு கண்ணை."

பிஞ்சு எண்ணுகிற நாள் வந்தது. நீலம் நாற்பத்து நாலு. சிவப்பு இரண்டு. அந்த இரண்டுக்கும் சம்பந்தி பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டார். கண்ணாடிப் பெண் டப்பாவைத் திறந்து காட்டினாள். சிவப்பு இதழ்களில் ஒரு கீறல் இல்லை.

"சரி, வலை கிடையாது" என்றார் மேலாளர். "ஆனா இந்தப் பெஞ்சுக்கு என்ன பண்றது? நாளைக்கு இன்னொரு வெள்ளைச் சட்டை வருமே?"

சம்பந்தி பெஞ்சைப் பார்த்தார், பொந்தைப் பார்த்தார். "ஆறடி தள்ளிப் போட்டா போதும் சார்."

மேலாளர் காலால் ஆறடியை அளந்து பார்த்தார்.

"இத்தனை வருஷமா கழுவுறீங்களே, இதை ஏன் சொல்லல?" என்றார் மேலாளர்.

"கூட்டறது கழுவறதுதான் சார் என் வேலை. பெஞ்ச் எங்க போடணும்கிறதை யாரும் என்கிட்ட கேக்கலியே."

ஏணியம்மா சிரித்த சிரிப்பில் பரணில் தூங்கியவர்கள் விழித்திருப்பார்கள். அப்போதே ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளுமாகத் தூக்கிப் பெஞ்சை நகர்த்தினார்கள். வேலை முடிந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் கிளம்பவில்லை, அவரும் கிளம்பவில்லை. இருவரும் சுத்தமான பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பொந்தில் முதல் நாய்க்குட்டி முகம் எட்டிப் பார்த்தது. தாவிப் பறந்தது. பின்னாலேயே ஒன்று, இரண்டு, பத்து. ஏணியம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தாள். இதையெல்லாம் பார்க்காமலே போயிருக்கும் இந்த வருஷம் என்று நினைத்ததும் குரல் வரவில்லை.

அவளைத் திரும்பிப் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பந்தி அவளுக்காகச் சொன்னார்.

"பாத்துப் போயிட்டு வாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வாங்கடான்னுதான் சொல்வேன். நீங்க என்ன, வௌவாலுக்கெல்லாம் இவ்ளோ மரியாதை?"

"பின்ன?" என்றார் அவர். "சம்பந்தி வீட்டு ஆளுங்களாச்சே."